இப்ப என்ன படிக்கிறீங்கன்னு கேக்க ஒரு எடம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர தினமும் வாங்குறேன், வாரத்துல ஒரு நாள் வர்ற புத்தகப் பக்கத்த கத்தரிச்சு கூட வெச்சுக்குவேன். அந்தப் பக்கத்த பத்தித்தான் இந்த லெட்டர். புதுசா வந்த புத்தகத்துக்கு மதிப்புரை போடுறீங்க, எழுத்தாளர் பேட்டி போடுறீங்க, வெளியீட்டு விழா போட்டோ போடுறீங்க, எல்லாம் வேணும்தான். ஆனா அந்தப் பக்கத்துல எழுதுறவங்க இருக்காங்க, வெளியிடுறவங்க இருக்காங்க, காசு குடுத்தோ லைப்ரரில எடுத்தோ படிக்கிற ஆளுங்க மட்டும் இல்ல. அதுல ஒரு கால் பக்கம் ஒதுக்கி, "இப்ப என்ன படிக்கிறீங்க"ன்னு வாசகர்கள கேட்டுப் போடணும்னு கேட்டுக்கறேன். ஊரு, செய்யற வேலை, கையில இருக்கற புத்தகம், அது எங்க கெடச்சுது, எந்த எடத்துல நிக்கிறாங்க, இவ்வளவு போதும். நாலு வரி. மதிப்புரை வேண்டாம், கருத்து சொல்லியே ஆகணும்னு கட்டாயம் வேண்டாம்.

நான் மன்னார்குடில லேடீஸ் டெய்லர் கடை வெச்சிருக்கேன். ஜாக்கெட், சுடிதார், பால்ஸ் அடிக்கறது, ஓவர்லாக், எல்லாம் உண்டு. துணி வாங்க வர்றவங்க பத்து நிமிஷம் ஒக்காந்துதான் போவாங்க, கொக்கி கட்டணும், ட்ரையல் பார்க்கணும், தையல் பிரிக்கணும்னு ஏதாவது இருக்கும். அந்த நேரத்துல நான் கேக்கறது இதத்தான், இப்ப என்ன படிக்கிறீங்க. கேட்ட உடனே எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான், "எங்கக்கா நமக்கு படிக்க நேரம்". ரெண்டு நிமிஷம் கழிச்சு, கண்ணாடி முன்னாடி தோள்பட்டைய சரி பண்ணிக்கிட்டே, "பொண்ணு வாங்கி வெச்சது ஒண்ணு கெடக்கு, ராத்திரி ரெண்டு பக்கம் பாப்பேன்"னு வரும். அதுக்கப்புறம் நிறுத்த முடியாது.

இத "உங்களுக்குப் பிடிச்ச புத்தகம் எது"ன்னு கேட்டுப் பாருங்க, வேற மாதிரி ஆகிடும். எல்லாருமே திருக்குறள்னுவாங்க, பொன்னியின் செல்வன்னுவாங்க, சிலபேர் அப்துல் கலாம் அய்யா புத்தகம்னுவாங்க. ஏன்னா பிடிச்ச புத்தகம்னு கேட்டா பரீட்சைல கேள்வி கேட்ட மாதிரி ஒரு பயம் வந்துடுது, நல்ல பேரு வாங்கற பதிலத் தேடுறாங்க. "இப்ப"ன்னு கேட்டா அந்தப் பயம் இல்ல, தலமாட்டுல என்ன கெடக்கோ அதத்தான் சொல்லணும். அதனாலதான் சொல்றேன், கேள்விய மாத்திடாதீங்க, "இப்ப"ங்கறது அதுல இருந்தே ஆகணும். நல்லா இருக்குன்னு மட்டும்தான் சொல்லணும்னும் இல்ல, "முப்பது பக்கம் தாண்ட முடியல, வேற யாராவது படிச்சிருந்தா சொல்லுங்க"ன்னு ஒருத்தர் எழுதினாலும் போடுங்க. ஒரு புத்தகத்த முடிச்சவங்க அத பத்தி சொல்றதும், பாதில நிக்கறவங்க சொல்றதும் ஒண்ணு இல்ல. பாதில நிக்கறவங்க பேச்சுலதான் அடுத்து என்ன ஆகுமோங்கற தவிப்பு இருக்கும், கேக்கற நமக்கும் அது ஒட்டிக்கும்.

எங்க கடைக்கு வர்ற ஒரு சத்துணவு அம்மா, இமையம் எழுதுன "செல்லாத பணம்" படிச்சிக்கிட்டிருந்தாங்க. 2020க்கான சாகித்ய அகாதமி விருது வாங்கின நாவல் அது. தீக்காயத்தோட ஒரு பொண்ண பாண்டிச்சேரி ஜிப்மர்ல சேத்துட்டு, வீட்டு ஆளுங்க வார்டுக்கு வெளில காத்துக் கெடக்கறதுதான் கதையில பெரும்பகுதி. அந்தம்மா ஒரு எடத்துல நிறுத்திட்டாங்க, "எங்க பக்கத்து வீட்டுப் புள்ளய இப்படித்தான் கொண்டு போனோம், அதுக்கு மேல பக்கத்த திருப்ப முடியலம்மா"ன்னு சொன்னாங்க. புத்தகத்த திருப்பியும் குடுக்கல, படிக்கவும் இல்ல, சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன்னாங்க. அப்புறம் ஒரு நாள் வந்து, "முடிச்சிட்டேன், எல்லா வீட்லயும் இந்தப் புத்தகம் இருக்கணும்"னு சொல்லிட்டு துணிய வாங்காமயே போயிட்டாங்க, மறுநாள் வந்துதான் வாங்கினாங்க. எவ்வளவு பெரிய மதிப்புரை எழுதுனாலும் இந்த அம்மா நிறுத்தின அந்த எடத்த யாராலயும் சொல்ல முடியாது. அவங்கள மாதிரி ஒருத்தர் உங்க பேப்பர்ல நாலு வரி எழுதினா எத்தன பேர் அந்தப் புத்தகத்த தேடிப் போவாங்க, யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு விஷயம், எங்க ஊர் விஷயம். எழுத்தாளர் தி. ஜானகிராமன் மன்னார்குடி பக்கம் தேவங்குடில 1921ல பொறந்தவர். 1979ல சாகித்ய அகாதமி வாங்கினவர். எங்க ஊர்ல பஸ்ஸுக்கு நிக்கிற காலேஜ் பசங்கள்ல அவரத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. அது பசங்க தப்பு இல்ல, அவங்க காதுல யாரும் போடல. அவரும் சிட்டிங்கற இன்னொரு எழுத்தாளரும் சேந்து எழுதினது "நடந்தாய் வாழி காவேரி", 1971ல வந்தது, காவேரிக் கரையோட போய்ப் பார்த்து எழுதின பயண நூல். தலைப்பு சிலப்பதிகாரக் கானல்வரில இருந்து எடுத்தது. அந்தப் புத்தகம் எங்க லைப்ரரில ஒரு காப்பி இருந்துச்சு. லைப்ரரி புத்தகத்துல அட்டைய தொறந்ததும் ஒரு தேதி சீட்டு ஒட்டியிருப்பாங்க இல்ல, திருப்பிக் குடுக்க வேண்டிய தேதிய ஊதா மைல ரப்பர் ஸ்டாம்பு அடிச்சுக் குடுப்பாங்களே, அது. நான் எடுத்தப்ப அந்தச் சீட்டுல மேல ரெண்டு மூணு ஸ்டாம்பு, மை வெளுத்துப் போயி தேதியே சரியா தெரியல, அதுக்குக் கீழ பூரா வெள்ளையா கெடந்துச்சு. பக்கமெல்லாம் பழுப்பு, ஒரு எடத்துல பக்கம் வெட்டாம ஒட்டியே இருந்துச்சு, அதாவது அந்த எடத்த யாருமே படிக்கல.

அத நான் கடையில வெச்சு படிச்சேன், யார் வந்தாலும் என்ன புத்தகம்னு கேப்பாங்க, சொல்லுவேன். வடுவூர் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் பேத்திக்கு பாவாட தைக்க வந்தவர், விவசாயி, மூணு மா நெலம். காவேரி புத்தகம்னதும் வாங்கிப் பொரட்டினார், நான் முடிச்சதும் லைப்ரரிக்குப் போய் அவர் பேர்ல எடுத்துக்கிட்டார். ஜூன் 12 மேட்டூர் தொறக்கற நாள்ங்கறது டெல்டாக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, தண்ணி கல்லணைக்கு வந்து, பிரிஞ்சு, எங்க பாமணி ஆத்துக்கு வர்ற வரைக்கும் வேற பேச்சே கெடையாது. அந்த நாள்லதான் அவர் அத படிச்சார். "தண்ணி வர்ற வழிய டிவில பாக்கறேன், அது பொறப்படற எடத்துல இருந்து புத்தகத்துல பாக்கறேன்"னார். குடகு, தலைக்காவேரி, ஒகேனக்கல், எந்த ஊரையும் அவர் நேர்ல பாத்ததில்ல, ஆத்தோட கடைசில இருக்கறவர். மேல இருக்கறவங்களும் இந்தத் தண்ணிய கும்பிடறாங்கன்னு படிச்சப்ப மனசு என்னமோ ஆயிடுச்சுன்னு சொன்னார். அவர் படிச்சத அவர் மருமக படிச்சா, அவங்க தெருவுல ஒரு டீச்சர் கேட்டு வாங்கினாங்க. போன மாசம் அந்தப் புத்தகத்த லைப்ரரில பார்த்தேன், அந்தச் சீட்டுல பாதிக்கு மேல ஸ்டாம்பு விழுந்திருக்கு. புத்தகம் அதே அலமாரில, அதே எடத்துலதான் இத்தன வருஷமும் இருந்துச்சு. ஒருத்தர் வாயால ஒரு வார்த்தை வரல, அது ஒண்ணுதான் குறையா இருந்துச்சு.

இத ரொம்ப முன்னாடியே சொன்னவர் ஒருத்தர் நம்ம பக்கத்துக்காரர்தான். சீர்காழில பொறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகரா போனவர், 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினார், இன்னைக்கும் உலகம் பூரா லைப்ரரி படிப்பு படிக்கறவங்க அதத்தான் மொதல்ல படிக்கிறாங்க. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம்ங்கறது ரெண்டாவது விதி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர்ங்கறது மூணாவது. இந்த மூணாவதத்தான் நாம விட்டுட்டோம்னு எனக்குத் தோணுது. புத்தகம் இருக்கு, அத தேடி ஆள் வரணும்னு காத்திருக்கு, அந்த ஆளுக்கு அது இருக்கறதே தெரியாது. அதே 1931ல அக்டோபர்ல எங்க மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல கனகசபைப் பிள்ளைங்கறவர் முயற்சில மாட்டு வண்டில புத்தகத்த ஏத்தி கிராமம் கிராமமா கொண்டு போற நடமாடும் நூலகம் ஆரம்பிச்சாங்க, ரங்கநாதனே வந்து தொடங்கி வெச்சார். மாட்டு வண்டில புத்தகம் போன ஊர்ங்க எங்க ஊரு! அந்த வண்டி வந்து நின்னா படிக்கத் தெரிஞ்சவர் சத்தமா படிப்பார், மத்தவங்க சுத்தி ஒக்காந்து கேப்பாங்களாம். எங்க தாத்தா காலத்து ஆளுங்க சொல்லிக் கேட்டிருக்கேன்.

அப்புறம் 1948ல மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்துச்சு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியா இருந்தப்ப, இந்தியாவுலயே சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த மொத நூலகச் சட்டம் அதுதான். அதுலதான் வீட்டு வரியோட நூலக வரி சேத்து வாங்கற வழி வந்துச்சு, இப்ப வரி ரூபாய்க்கு 10 பைசா. வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, தனியா போட்டிருக்கும். அதாவது லைப்ரரி பக்கமே போகாதவங்களும் அந்தப் புத்தகத்துக்கெல்லாம் காசு குடுத்திருக்கோம். தமிழ்நாட்டுல 4000க்கு மேல பொது நூலகம் இருக்கு, கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம்னு. நம்ம காசுல வாங்கின புத்தகம், நம்ம ஊர்லயே இருக்கு, எதுல என்ன இருக்குன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க வழி இல்ல. புதுசா வந்த புத்தகத்த மட்டும் நீங்க எழுதினா, அது 400 ரூபா 500 ரூபா, எங்க மாதிரி ஆளுங்க அத பாத்துட்டு மடிச்சு வெச்சுடறோம். படிக்கிறவங்க எழுதினா பழசும் வரும், லைப்ரரில கெடைக்கறதும் வரும், அதான் வேணும்.

எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே புத்தகத்த படிச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. பொன்னியின் செல்வன் 1950ல இருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகைல வாரா வாரம் வந்தது, மூணரை வருஷத்துக்கு மேல. எங்க தெருவுல ஒரு பாட்டி வீட்டு டிரங்க் பெட்டில அந்தத் தொடர கிழிச்சு பைண்டிங் பண்ணினது இருக்கு. காக்கி அட்டை, முதுகுல காலிகோ துணி, மணியம் வரைஞ்ச படம் ஒண்ணொண்ணும் அப்படியே கண்ணுல நிக்கும். அத்தியாயம் முடியற பக்கத்துக்கு பின்னாடி வேற ஏதோ கட்டுரையோட பாதி, சோப்பு விளம்பரம், ஒரு ஜோக்கோட கடைசி வரி மட்டும், எல்லாம் சேந்தே பைண்ட் ஆகியிருக்கு. ஓரத்துல பென்சில்ல தேதி போட்டு வெச்சிருக்காங்க. பாட்டி சொல்லுவாங்க, பத்திரிகை வர்ற நாள்ல அவங்க மாமியார் சத்தமா படிக்க அடுத்த வீட்டு பொம்பளைங்க கூட திண்ணைல வந்து ஒக்காருவாங்களாம், அடுத்த வாரம் வரைக்கும் குளத்தங்கரைல நந்தினி பேச்சுத்தானாம். எழுத்தாளரும் பத்திரிகையும் செஞ்சது பாதி, மீதிய அந்தக் குளத்தங்கரை செஞ்சுது. இப்ப தொடர்கதைக்கு அந்த மாதிரி எடம் இல்ல, அவங்கவங்க தனித்தனியா வேற வேற புத்தகம் படிக்கிறோம், அது நல்லதுதான், ஆனா பேசிக்கற எடம் போயிடுச்சு. சினிமா 2022ல வந்தப்ப பாட்டியோட பேரன் அந்தப் பைண்டிங்க எடுத்துப் படிச்சான், பாட்டிகிட்ட தெனமும் ராத்திரி சண்டை போடுவான், ஆதித்த கரிகாலன கொன்னது யாருன்னு. எண்பது தாண்டின அந்தப் பாட்டிக்கு அந்த ஒரு மாசம் எவ்வளவு தெம்பா இருந்துச்சுன்னு நான் கண்ணால பாத்தேன்.

டிஎன்பிஎஸ்சி படிக்கிற பசங்க பத்தியும் சொல்லணும். எந்த லைப்ரரிக்குப் போனாலும் காலைல கதவு தொறக்கும்போதே வாசல்ல நிக்கறது அவங்கதான். ஆறாம் கிளாஸ்ல இருந்து பன்னண்டு வரைக்கும் ஸ்கூல் புத்தகத்த கட்டு கட்டா வெச்சுக்கிட்டு ராத்திரி வரைக்கும் ஒக்காந்திருக்காங்க. என் கடைல வேல பாக்கற பொண்ணும் குரூப் 4 படிக்குது. நூல், ஆசிரியர் பொருத்துகன்னு வரும் இல்ல, அதுக்கு எல்லா பேரும் மனப்பாடம், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். ஒரு நாள் ஜாக்கெட்டுக்கு கை வெட்டிக்கிட்டே, "அக்கா இதுல எத மொதல்ல படிக்கலாம்"னு கேட்டுச்சு. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, கஷ்டமாவும் இருந்துச்சு. இத்தன பேரு தெரிஞ்ச புள்ளைக்கு எத தொறக்கறதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும், அந்த ஆள் வாத்தியாரா இருக்கணும்னு இல்ல, அதே வயசுல இன்னொரு ஊர்ல இருந்து "பரீட்சை எழுதிட்டேன், ரிசல்ட் வர்ற வரைக்கும் இத படிக்கிறேன்"னு எழுதற இன்னொரு பொண்ணா இருந்தா அதுதான் மனசுல ஏறும். நான் அதுக்கு சோலை சுந்தரபெருமாளோட "செந்நெல்" குடுத்தேன். கீழ்வெண்மணி கதை, 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரு குடிசைக்குள்ள 44 பேர் எரிஞ்சு போனது. எங்களுக்கெல்லாம் பஸ் ஏறினா போயிடற தூரம். அந்தப் பொண்ணு ஸ்கூல் புத்தகத்துல படிச்ச வருஷமும் எண்ணிக்கையும் வேற, நாவலா படிக்கறப்ப வர்றது வேற. "அக்கா எங்க ஆச்சிக்கு அப்ப பதினஞ்சு வயசு, நான் இதுவர அவங்ககிட்ட கேட்டதே இல்ல"ன்னுச்சு. அந்த ஞாயித்துக்கிழமை ஆச்சிய பாக்க ஊருக்குப் போச்சு.

எங்க கடைக்கு வர்றவங்கள்ல நெறைய பேர் ரமணிசந்திரன் படிக்கிறவங்க. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபான்னு பஸ் ஸ்டாண்டு கடைல மாத நாவல் வாங்கி படிச்சுதான் எங்க தலைமுறைல பாதி பேர் படிக்கவே பழகினோம். அந்தப் பேர சொல்றதுக்கு இப்பவும் பொம்பளைங்க கூச்சப்படறாங்க, "அதெல்லாம் புத்தகம்னு சொல்ல முடியுமா"ன்னு கேக்கறாங்க. எந்தக் கூட்டத்துலயோ யாரோ சொன்னதக் கேட்டு அப்படி ஆயிட்டாங்க. வீட்டு வேல எல்லாம் முடிச்சு, மாமியாருக்கு மாத்திர குடுத்து, புள்ளைங்க தூங்கினப்புறம் பதினோரு மணிக்கு ஒரு பொம்பள எத தொறக்கறாளோ அது புத்தகம்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆகவே தயவு பண்ணி வடிகட்டாதீங்க. இலக்கியம் மட்டும்தான் போடுவோம்னு ஆரம்பிச்சீங்கன்னா எழுதறவங்க பழையபடி நல்ல பேரு வாங்கற பதில எழுத ஆரம்பிச்சிடுவாங்க. சமையல் புத்தகம் படிக்கிறவங்க எழுதட்டும், கந்த புராணம் படிக்கிற தாத்தா எழுதட்டும், ஜேசிபி ஓட்டற தம்பி சே குவேரா வரலாறு படிக்கறத எழுதட்டும், குழந்தைகிட்ட கேட்டும் போடுங்க. எல்லாம் ஒரே பக்கத்துல அடுத்தடுத்து வரணும். மாத நாவல் படிக்கிற அக்கா, தன் பேருக்குக் கீழயே இன்னொருத்தங்க எழுதினத பாத்து வேற ஒண்ணுக்குப் போகலாம், இலக்கியம் படிக்கிறவர் இந்தப் பக்கமும் வரலாம், அது அவங்கவங்க இஷ்டம்.

வால்பாறைல பொறந்து இங்க வாக்கப்பட்டு வந்த ஒருத்தங்க எனக்கு வாடிக்கை. "எரியும் பனிக்காடு" படிக்கிறாங்க. டீ எஸ்டேட்ல டாக்டரா இருந்த பி.எச். டேனியல் 1969ல இங்கிலீஷ்ல எழுதினத இரா. முருகவேள் தமிழ்ல கொண்டு வந்தது. ஆள் புடிக்கற கங்காணி, முன்பணம், கடன் தீராம வருஷக் கணக்கா மலையிலயே கெடக்கறது, காய்ச்சல்ல சாகறது, எல்லாம் அதுல இருக்கு. அவங்க பாட்டன் பூட்டன் திருநெல்வேலி பக்கத்துல இருந்து அப்படி மலையேறினவங்க. "எங்க வீட்ல யாரும் இத வாய் தொறந்து சொன்னதே இல்லீங்க, புத்தகத்துலதான் தெரிஞ்சுக்கறேன்"னாங்க. இந்த மாதிரி ஒருத்தங்க ஒரு வரி எழுதினா போதும், எங்கயோ குன்னூர்ல, மூணாறுல, இலங்கைல ஹட்டன்ல இருக்கற இன்னொருத்தர் கண்ணுல படும்.

இலங்கைன்னதும் சொல்லணும், அங்க எழுதற தமிழ் புத்தகம் நம்ம ஊர்க் கடைல லேசுல கெடைக்கறது இல்ல. 1981ல யாழ்ப்பாணம் நூலகத்த எரிச்சப்ப 97,000 புத்தகமும் ஓலைச்சுவடியும் போச்சுன்னு படிக்கறப்ப இப்பவும் வயிறு எரியுது. அதே மண்ணோட ஆளுங்கதான் 2005ல இருந்து நூலகம்ங்கற பேர்ல பழைய புத்தகம், பத்திரிகை எல்லாத்தயும் ஸ்கேன் பண்ணி யார் வேணா இலவசமா படிக்கற மாதிரி போட்டுட்டு வர்றாங்க. அதே மாதிரி பழைய தமிழ் நூல்கள இன்டர்நெட்ல இலவசமா போடற மதுரைத் திட்டம் 1998ல இருந்து இருக்கு, சங்க இலக்கியத்துல இருந்து எல்லாம் செல்போன்லயே வருது. ஆஸ்பத்திரில நைட் டூட்டி பாக்கற ஒரு நர்ஸ் பொண்ணு போன்ல மணிமேகலை படிக்குது, அர்த்தம் புரியாத எடத்த எழுதி வெச்சுக்கிட்டு எங்க ஊர் தமிழய்யாகிட்ட கேக்குது. போன்ல படிக்கறவங்களயும் சேத்துக்கங்க, புத்தகத்த கையில புடிச்சாத்தான் வாசகர்னு இல்ல.

ஒரு நூலகத்துல, எந்த ஊர்னு சொல்லல, கண்ணாடி பீரோல பூட்டி வெச்ச புத்தகத்த கேட்டப்ப "அது ரெஃபரன்ஸ், யாரும் கேக்கறது இல்ல, சாவி எங்கயோ இருக்கு"ன்னு சொன்னாங்க. யாரும் கேக்கறது இல்லங்கறதுதான் அதுல முக்கியம். கேக்க ஆள் வந்தா சாவி தானா கெடைக்கும். பேப்பர்ல ஒரு பேர் வந்து, அடுத்த நாளே நாலு பேர் வந்து அந்தப் புத்தகம் இருக்கான்னு கேட்டா, அடுத்த தடவ புத்தகம் வாங்கறதுக்கு லிஸ்ட் போடும்போது நூலகரும் எழுதி அனுப்புவாங்க. புத்தகக் கண்காட்சியும் அப்படித்தான், 1977ல மெட்ராஸ்ல ஆரம்பிச்சது, இப்ப மாவட்டத்துக்கு மாவட்டம் நடக்குது, பத்து பர்சண்ட் தள்ளுபடில பை நெறைய வாங்கிட்டு வர்றாங்க, கூட்டத்த பாக்கவே சந்தோஷமா இருக்கும். வாங்கினது என்ன ஆச்சு, படிச்சாங்களான்னு தை பொறந்து மாசி பங்குனி ஆனப்புறம் யாரும் கேக்கறது இல்ல. நீங்க கேளுங்க. கேக்க ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சாலே பை பிரியும்.

செய்யறதா இருந்தா சில விஷயம் கேட்டுக்கறேன். எழுத்தாளருங்க அவங்க புத்தகத்த அவங்களே படிக்கறதா எழுதக் கூடாது, பதிப்பகத்துல வேல செய்யறவங்களும் அவங்க வெளியிட்டத எழுத வேண்டாம், வந்துட்டா இந்தப் பகுதியே விளம்பரமா போயிடும். ரேங்க் போடாதீங்க, அதிகம் படிக்கப்படும் பத்து புத்தகம்னு லிஸ்ட் வேண்டாம், அத போட்டா எல்லாரும் அந்தப் பத்துக்குள்ளயே சுத்துவாங்க. கதையோட முடிவ எழுதியிருந்தா அந்த வரிய மட்டும் எடுத்துடுங்க. எழுத்துப் பிழை இருந்தா திருத்திப் போடுங்க, ஆனா பேச்சு மாதிரி இருக்கறத மேடைத் தமிழா மாத்த வேண்டாம். புத்தகம் எங்க கெடச்சுதுங்கற வரிய மட்டும் எப்பவும் வெட்டாதீங்க, எடம் பத்தலைன்னா வேற எத வேணா வெட்டுங்க, ஏன்னா படிக்கணும்னு தோணின அடுத்த நிமிஷம் மனுஷனுக்கு வர்ற கேள்வி அதுதான். ஈமெயில் மட்டும் வெச்சீங்கன்னா எங்க சத்துணவு அம்மாவும் வடுவூர் பெரியவரும் எழுத மாட்டாங்க, போஸ்ட் கார்டு வாங்கிக்கங்க, 50 பைசாதான், முடிஞ்சா ஒரு போன் நம்பர் குடுத்து வாயால சொல்றத நீங்க எழுதிக்கங்க.

எந்தக் கெழமைன்னு கேட்டா, ஞாயித்துக்கிழமை போடுங்க. லைப்ரரிக்கு வெள்ளிக்கிழமை லீவு, ரெண்டாம் சனிக்கிழமையும் லீவு, ஞாயிறு தொறந்திருக்கும், வேலைக்குப் போறவங்களுக்கும் அன்னைக்குத்தான் ஓய்வு. காலைல பேப்பர்ல பாத்தவங்க கையோட எழுந்து போய் அந்தப் புத்தகம் இருக்கான்னு கேக்கலாம். எங்க கடைல பேப்பர வெச்சு எல்லாருக்கும் படிச்சுக் காட்டற பொறுப்பு என்னோடது, வாடிக்கையாளருங்க சொல்றத எழுதி அனுப்பற பொறுப்பும் எடுத்துக்கறேன்.

நான் இப்ப படிக்கறது தி. ஜானகிராமனோட "மோகமுள்". லைப்ரரில எடுத்தது, பாபு ரங்கண்ணாகிட்ட பாட்டு கத்துக்கற எடத்துல நிக்கறேன், தீபாவளி துணி வர ஆரம்பிக்கறதுக்குள்ள முடிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு தையல்கடைக்காரி,
மன்னார்குடி.